அறிவியல் மேசைகள் தடுமாறும்போது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தொடக்கப்பள்ளி வகுப்பில் நாலைந்து மேசை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு செய்முறையை வைத்து, பிள்ளைகளைக் குழு குழுவாகச் சுற்றவிடும் ஆசிரியர்களுக்கானது இது. ஏற்பாடு புதிதோ பழையதோ, கோளாறுகள் மட்டும் அதேதான் திரும்பத் திரும்ப வருகின்றன. உங்கள் வகுப்பில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், காசும் உழைப்பும் கேட்கும் காரணம் கடைசியில். வரிசையாகவே போங்கள். நடுவில் தாவினால், புது மேசை வாங்கிய பிறகுதான், செய்ய வேண்டியதை வரிவரியாக எழுதி மேசையில் வைக்கும் செயல் அட்டையில் ஒரு வரி விட்டுப்போனது தெரியவரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை. இன்றைய மேசைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். “இங்கே நான் நிற்காவிட்டால் வேலை நடக்காது” என்று எத்தனை மேசைக்குத் தோன்றுகிறது? ஒன்று என்றால் சரி. இரண்டு, மூன்று என்றால் கீழே உள்ளவற்றில் பாதி அறிகுறிகள் ஒரே நாளில் வந்து நிற்கும். புதிய செய்முறை, தண்ணீர், கண்ணாடி, கூர்மையான பொருள் என்று ஆள் நிற்க வேண்டிய மேசை ஒரு நாளைக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். மற்ற மேசைகளில் பிள்ளைகள் ஏற்கெனவே ஒரு தடவை செய்து பழகிய வேலைகளை வையுங்கள்: வகைப்படுத்துவது, அளப்பது, லென்ஸில் பார்த்து வரைவது.

## அறிகுறி 1: “அடுத்து என்ன டீச்சர்?” என்று எல்லோரும் உங்களிடமே வருகிறார்கள்

செயல் அட்டையைப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். ஒரு வரியில் இரண்டு வேலை இருக்கிறதா? “காந்தத்தைப் பொருளின் அருகே கொண்டுசென்று, ஒட்டுகிறதா என்று பார்த்து, அட்டவணையில் குறிக்கவும்” என்பது மூன்று வேலை. பிள்ளை முதல் வேலையை முடித்துவிட்டு நின்றுவிடும். வரிக்கு ஒரு வேலை, அட்டைக்கு ஐந்து வரி. ஐந்துக்கு மேல் போனால் அது இரண்டு நாள் வேலை.

சரிபார்க்க எளிய வழி: வேறு வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் அட்டையையும் தட்டையும் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் பாருங்கள். அவர் எந்த வரியில் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.

வாசிப்பு இடிக்கிறதா? முதல் இரண்டு வகுப்புகளில் அட்டையின் சொற்களே தடையாக இருக்கும். மேசையில் இருக்கும் அதே தட்டை, அதே காந்தத்தைப் படம் எடுத்து ஒட்டுங்கள். இணையத்திலிருந்து எடுத்த அழகான படம் வேண்டாம். பிள்ளை அந்தப் படத்தில் இருக்கும் சிவப்புக் காந்தத்தையே மேசையில் தேடிக்கொண்டிருக்கும்.

தட்டில் பொருள் குறைகிறதா? தட்டின் அடியில் ஒவ்வொரு பொருளின் வெளிக்கோட்டையும் மார்க்கரால் வரைந்துவிட்டால் குறைவது எதுவென்று பிள்ளைகளுக்கே தெரியும்.

கேட்கும் பழக்கம். மேற்கண்ட மூன்றும் சரியாக இருந்தும் வருகிறார்கள் என்றால், உங்களைக் கேட்பது அட்டையைப் படிப்பதைவிடச் சுலபமாக இருக்கிறது. முதலில் அட்டை, பிறகு குழுவில் ஒருவர், அதன்பிறகே டீச்சர் என்று ஒழுங்கு வையுங்கள். வருகிறவரிடம் “குழுவில் யாரைக் கேட்டாய்?” என்று மட்டும் கேளுங்கள். ஓரிரு வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு அடங்கிவிடும்.

## அறிகுறி 2: ஒரு குழு முடித்துவிட்டு ஓடுகிறது, இன்னொரு குழு தொடங்கவே இல்லை

முதலில் கணக்கைப் போடுங்கள். பாடவேளை 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்துக்கு 5, எடுத்துவைக்க 5 போனால் மிச்சம் 30. ஒரு மேசைக்கு 12 நிமிடம், இடம் மாற 3 நிமிடம் என்றால் ஒரு பாடவேளையில் இரண்டே மேசைதான். ஐந்து மேசையையும் ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்ற திட்டம் தாளிலேயே தோற்றுவிட்டது. பிள்ளைகள் மெதுவாக இருக்கிறார்கள் என்று இதற்குப் பிறகு சொல்ல முடியாது.

அடுத்து, இருக்கைகளை எண்ணுங்கள். 32 பிள்ளைகள், குழுவுக்கு 4 பேர் என்றால் 8 குழு. ஐந்து மேசையில் எட்டுக் குழு உட்கார முடியாது; உட்கார வைத்தால் ஆறேழு பேர் ஒரு தராசைச் சுற்றி நிற்பார்கள். எட்டு வெவ்வேறு செய்முறைகளைத் தயார் செய்யவும் வேண்டாம். நான்கு செய்முறை, ஒவ்வொன்றும் இரண்டு செட். ஒரு நாளில் இரண்டு, இரண்டு நாளில் நான்கும் முடியும். தயாரிப்பு பாதியாகும், ஒரே செய்முறையைச் செய்த இரண்டு குழுக்களின் முடிவுகளை ஒப்பிட்டுப் பேசவும் வழி கிடைக்கும்.

கணக்கு சரியாக இருந்தும் தடுமாறினால், வேலைகளின் நீளம் ஒத்துப்போகவில்லை. பொருள்களை வகைப்படுத்தும் மேசை ஐந்து நிமிடத்தில் முடியும். ஊசல் ஆட்டத்தை எண்ணும் மேசைக்குப் பதினைந்து நிமிடமும் போதாது. குறுகிய வேலையின் அட்டைக்குப் பின்பக்கம் ஒரு மேல்வேலை எழுதுங்கள். அது முன்பக்க வேலையையே இன்னொரு முறை செய்வதாக இருந்தால் யாரும் தொடமாட்டார்கள். “ஒட்டாத பொருள் ஒன்றைக் காந்தத்தால் நகர்த்த ஏதாவது வழி உண்டா?” என்பது போல ஒரு கேள்வியாக இருக்கட்டும்.

இதற்கும் மசியவில்லையென்றால் நேரம் வைத்து மாற்றுவதைக் கைவிட்டு, முடித்த குழு காலியான மேசைக்குப் போகலாம் என்று விடுங்கள். இதற்குக் குழுக்களைவிட ஒரு மேசை கூடுதலாக வேண்டும். இடமும் பொருளும் கேட்கிற தீர்வு என்பதால் இது கடைசி.

## அறிகுறி 3: ஒரே கை வேலை செய்கிறது, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள்

குழுவில் நாலு பேருக்கு மேல் இருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம், பிரித்துவிடுங்கள்.

நாலு பேர்தான் என்றால் பொருளை எண்ணுங்கள். ஒரு லென்ஸ், ஒரு துளிப்பான் இருக்கிற மேசையில் ஒரு கைதான் வேலை செய்யும். துளிப்பான், லென்ஸ், அளவுகோல் மூன்றும் ஆளுக்கொன்று இல்லாவிட்டாலும் இருவருக்கு ஒன்றாவது வேண்டும். கூடுதலாக வாங்க வழியில்லையென்றால் வேலையைச் சுற்றுக்கு விடுங்கள்: ஒருவர் செய்பவர், ஒருவர் அளப்பவர், ஒருவர் எழுதுபவர், ஒருவர் பொருள் காப்பவர். பெயர்களைத் துணிக்கிளிப்பில் எழுதி அட்டையின் ஓரத்தில் மாட்டி, மேசை மாறும்போது கிளிப்பை ஒரு இடம் நகர்த்தச் சொல்லுங்கள். ‘தலைவர்’ என்று ஒரு பொறுப்பு மட்டும் வைக்காதீர்கள். அது வேடிக்கை பார்க்கச் சொல்லிக் கொடுக்கும் சம்பளமில்லாத உத்தியோகம்.

எந்தக் குழுவில் போட்டாலும், எந்தப் பொறுப்பு கொடுத்தாலும், ஒரே பிள்ளை மட்டும் பல வாரமாக ஒதுங்கி நிற்கிறதா? பொருளைத் தொடவே தயங்குகிறதா, அட்டையைக் கண்ணுக்கு மிக அருகில் பிடிக்கிறதா, கூப்பிட்டால் திரும்புவதில்லையா? மேசையை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. எந்த நாளில் என்ன பார்த்தீர்கள் என்று குறித்துவைத்து, பெற்றோரிடமும் சிறப்புக் கல்வி ஆசிரியரிடமும் பேசுங்கள். கண், காது பரிசோதனைதான் முதல் படி.

## அறிகுறி 4: சோதனையே வேலை செய்யவில்லை

பிள்ளைகள் நம்பிக்கை இழக்கும் இடம் இது. எந்த மேசை என்பதைப் பொறுத்துப் பிரிந்து போங்கள்.

### பல்பு எரியவில்லை

உங்கள் பையில் எப்போதும் நன்றாக வேலை செய்யும் ஒரு செல், ஒரு பல்பு, இரண்டு ஒயர் இருக்கட்டும். கோளாறு எதில் என்பதைக் கண்டுபிடிக்க, பிள்ளைகளின் சுற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் பதிலாக உங்களுடையதை மாற்றிப் பாருங்கள்.

- பல்பு ஹோல்டரில் முழுக்கத் திருகப்பட்டிருக்கிறதா? அரைத் திருகலில் நிற்கும் பல்புதான் பெரும்பாலான ‘ரிப்பேர்’.
- ஹோல்டர் இல்லாமல் செய்கிறார்களா? ஒரு ஒயர் பல்பின் அடி நுனியைத் தொட வேண்டும், இன்னொன்று பக்கத்திலுள்ள மரை உலோகத்தை. பிள்ளைகள் இரண்டையும் நுனியிலேயே வைத்துவிடுவார்கள்.
- ஒயர் நுனி சீவப்பட்டிருக்கிறதா? செம்புக் கம்பி பளபளவென்று வெறுமையாகத் தெரிந்தாலும் மேலே எனாமல் பூச்சு இருக்கலாம். உப்புத்தாளால் நுனியைத் தேயுங்கள்.
- இரண்டு செல் வைத்திருந்தால் ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸைத் தொடுகிறதா? பிளஸும் பிளஸும் முட்டினால் இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும்.
- பல்பின் மேல் எழுதியுள்ள வோல்ட்டைப் படியுங்கள். 6 வோல்ட் பல்பை 1.5 வோல்ட் செல்லில் மாட்டினால் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஒளிராது. பல்பை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே இழை அறுந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

எல்.இ.டி. என்றால் கதை வேறு. நீளமான கால் பிளஸ் பக்கம். 1.5 வோல்ட் ஒற்றைச் செல்லில் எரியாது. சிவப்புக்குச் சுமார் 2 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் சுமார் 3 வோல்ட். இரண்டு செல் வைத்துச் சிவப்பை எரிக்கும்போது 100 ஓம் மின்தடை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சீக்கிரம் போய்விடும்.

செல் சுடுகிறதா? ஒயர் பல்பு வழியாகப் போகாமல் செல்லின் இரு முனைகளையும் நேராக இணைத்திருக்கிறது. உடனே ஒரு முனையை விடுவியுங்கள். செல்லின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது கசிந்த ரசாயனம், தோலை அரிக்கும். பிள்ளைகள் தொடாமல் நீங்களே கையுறை போட்டு அப்புறப்படுத்துங்கள்.

### காந்த மேசையில் ஆளுக்கொரு விடை

எவர்சில்வர் பொருள்களில் சில ஒட்டும், சில ஒட்டாது, நாணயங்களும் அப்படித்தான். தட்டில் வைக்கும் ஒவ்வொரு பொருளையும் நீங்கள் முன்பே சோதித்துவிடுங்கள். ‘உலோகம் என்றால் ஒட்டும்’ என்ற எண்ணத்தோடுதான் பிள்ளைகள் வருவார்கள். அலுமினியத் தாள், செம்புக் கம்பி, பித்தளைச் சாவி மூன்றும் தட்டில் இருந்தால் அந்த எண்ணம் தானாக உடையும்.

காந்தம் பலவீனமாகிவிட்டதா? கீழே விழுவதும் சூடுபடுவதும் சட்டக் காந்தத்தின் வலிமையைக் குறைக்கும். ஜோடியாக, எதிரெதிர் முனைகள் பக்கத்தில் வரும்படி வைத்து, இரு நுனியிலும் இரும்புத் துண்டு கொடுத்துப் பெட்டியில் வையுங்கள். திசைகாட்டியைக் காந்தத்தோடு ஒரே பெட்டியில் போட்டிருந்தால் அதன் முள் தலைகீழாகத் திசை காட்டத் தொடங்கியிருக்கலாம்.

காந்தமே இல்லாமல் ஒரு பேப்பர் கிளிப் இன்னொரு கிளிப்பைத் தூக்குகிறது என்று பிள்ளை சொன்னால் அதை மறுக்காதீர்கள். காந்தத்தோடு ஒட்டியே கிடந்த கிளிப் தானும் காந்தமாகியிருக்கிறது. அடுத்த குழுவுக்கு முன் கிளிப்களை மேசையில் நாலு தட்டுத் தட்டி வையுங்கள்.

### ஒரு குழுவுக்கு மிதந்தது, அடுத்த குழுவுக்கு மூழ்கியது

குழிவான மூடிகளில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொள்ளும். கிளிப் போன்ற லேசான பொருள் நீரின் மேற்பரப்பிலேயே படுத்துவிடும். மரத்துண்டு முந்தைய குழுவிடம் நனைந்து ஊறியிருக்கும். முதல் இரண்டுக்கும் ஒரே மருந்து: “ஒவ்வொரு பொருளையும் ஒரு முறை முழுக்க நீருக்குள் அழுத்தி, விரலை எடு, அதன்பிறகு பார்த்து எழுது.” அட்டையில் இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே பெரும்பாலான சண்டை தீர்ந்துவிடும். மரத்துண்டை மட்டும் குழுவுக்கு ஒன்றாகக் காய்ந்ததாகவே கொடுங்கள்.

### விதை முளைக்கவில்லை

முகர்ந்து பாருங்கள். நாற்றம் வந்தால் அழுகிவிட்டது. தண்ணீர் அதிகம், காற்று போதவில்லை. பஞ்சை நனைத்து, சொட்டுவது நிற்கும்வரை பிழிந்த பிறகே விதையை வைக்க வேண்டும். குழுவில் நாலு பேரும் ‘என் பங்குக்கு’ என்று தண்ணீர் ஊற்றுவதுதான் வழக்கமான காரணம். துளிப்பானை ஒருவர் கையில் மட்டும் கொடுங்கள்.

நாற்றமில்லை, அப்படியே கிடக்கிறது என்றால் விதை பழையது. முந்தின இரவு ஊறவைத்து, உப்பாமல் மிதக்கிறவற்றைத் தள்ளிவிடுங்கள். இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் பூசிய விதைப்பு விதைகளை வகுப்புக்குள் கொண்டுவரவே வேண்டாம். அந்தப் பூச்சு பூச்சி, பூஞ்சை மருந்து.

மூன்று நாள் முன்னதாகவே நீங்கள் ஒரு செட் போட்டு வையுங்கள். வகுப்பு விதை கைவிட்டாலும் பாடம் நிற்காது. இருட்டு அலமாரியில் வைத்த பயறு வெளிறிப்போய் நெட்டையாக வளர்ந்து வந்தால் அதைத் தோல்விக் கணக்கில் எழுதாதீர்கள். அன்றைய வகுப்பிலேயே நல்ல கேள்வி அதுதான்.

### “லென்ஸில் எல்லாம் தலைகீழாகத் தெரியுது டீச்சர்”

லென்ஸ் கெட்டுப்போகவில்லை. பிள்ளை கையை நீட்டிப் பிடித்துத் தூரத்துப் பொருளைப் பார்க்கிறது. லென்ஸைக் கண்ணருகே வைத்துக்கொண்டு, பொருளை மெல்ல லென்ஸை நோக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் மங்கலாக இருக்கும். பிறகு ஒரு இடத்தில் எறும்பின் கால் முடி சட்டென்று கூர்மையாகும். ஐந்து மடங்கு லென்ஸுக்கு அந்த இடம் சுமார் 5 சென்டிமீட்டரில் வரும், மூன்று மடங்குக்குச் சுமார் 8. லென்ஸ் மேசையை வெயில் விழும் ஜன்னலோரம் போடாதீர்கள். தாள் பற்றிக்கொள்ளும், சூரியனை அதன் வழியே பார்த்தால் கண் போகும்.

## அறிகுறி 5: ஆசையாகச் செய்கிறார்கள், என்ன கண்டீர்கள் என்றால் பதில் இல்லை

அட்டையின் தலைப்பைப் பாருங்கள். ‘காந்தம்’, ‘நிழல்’ என்று பொருளின் பெயர் மட்டும் இருந்தால் பிள்ளை எதைத் தேடுவது? ‘டார்ச்சை நகர்த்தினால் நிழல் எப்போது நீளும்?’ என்று கேள்வியே தலைப்பாக இருக்கட்டும். அடுத்து, செய்வதற்கு முன் ஊகிக்க ஒரு கட்டம் இருக்கிறதா? ஊகத்தை எழுதிவிட்ட பிள்ளை தன் ஊகம் ஜெயிக்கிறதா என்று பார்க்கவாவது கவனிக்கும்.

பதிவுத்தாள் வெறுமையாக வருகிறது, அல்லது நாலு தாளும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கிறது என்றால், எழுத வேண்டியது அதிகம். ஒரு படம், ஒரு எண், ஒரு வாக்கியம் போதும். இதுவும் பலிக்காவிட்டால் கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து, ஒரே ஒரு மேசையைப் பற்றி மட்டும் பேசுங்கள். எல்லா மேசையையும் பற்றிப் பேச முயன்றால் ஒன்றும் மனதில் தங்காது. இந்த ஐந்து நிமிடத்துக்காக ஒரு செய்முறையை விட வேண்டி வந்தால் தாராளமாக விடுங்கள்.

## அறிகுறி 6: தரையெல்லாம் தண்ணீர், காது கிழியும் சத்தம்

தண்ணீர்த் தொட்டியை மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்புங்கள். அடியில் பெரிய துண்டு விரியுங்கள். துடைக்கும் துணி பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் மேசையும் மின்சார ப்ளக்கும் ஒரே சுவரில் இருந்தால் மேசை இடம் மாற வேண்டும். நகர்த்த இடமில்லை என்றால் அந்த ப்ளக்கை மூடித்தர எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். செல்லோடேப் ஒட்டிச் சமாளிக்க வேண்டாம். ப்ளக்குக்குள் தண்ணீர் போய்விட்டால் பிள்ளைகளை வெளியேற்றி, தள்ளியிருக்கும் மெயின் சுவிட்சை அணையுங்கள். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சொல்லும்வரை அந்த அறையில் மின்சாரம் வேண்டாம்.

சத்தத்தைப் பொறுத்தவரை, எதைப் பற்றிய சத்தம் என்று ஒரு நிமிடம் காதுகொடுங்கள். “என்னோடதுதான் கனம்!” என்ற சத்தத்தைத் தொடாதீர்கள். “எனக்குக் குடு!” என்ற சத்தம் என்றால் அறிகுறி 3-க்குப் போங்கள்.

## அறிகுறி 7: பொருள் காணாமல் போகிறது

மாறும் நேரத்தில் எண்ணும் பழக்கம் இல்லை என்பதுதான் முதல் காரணம். ‘காந்தம் 2, கிளிப் 10’ என்று தட்டின் ஓரத்தில் எழுதி, எண்ணிக்கை சரியான பிறகே மணி அடியுங்கள். கிளிப் குறைந்தால் தேடலாம், நாளைக்கும் தேடலாம். ஆனால் பட்டன் செல், சிறு காந்தம் இரண்டும் குறைந்தால் வகுப்பு அங்கேயே நிற்க வேண்டும். தொடக்க வகுப்புகளில் இவற்றை வைக்காமல் இருப்பதே மேல். பெரிய செல்லும் கைக்கு அடங்காத காந்தமும் இதே வேலையைச் செய்யும்.

பிள்ளை பட்டன் செல்லை விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால் போதும், நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அதே வகைச் செல்லின் உறையையும் கையோடு எடுத்துப் போங்கள். மூக்கில், காதில் போட்டுக்கொண்டாலும் இதே அவசரம்தான். ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். பிள்ளைக்கு வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

அலமாரியில் பாதரச வெப்பமானி இன்னும் இருந்தால் இன்றே தனியாக எடுத்துப் பூட்டிவையுங்கள். சிவப்புத் திரவம் உள்ள வெப்பமானி போதும். பாதரசம் உடைந்து சிதறினால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்து, கதவை மூடுங்கள். துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ எடுக்காதீர்கள், இரண்டும் அதை இன்னும் பரப்பும். அபாயக் கழிவைக் கையாளத் தெரிந்தவர்கள் வந்து முடிக்கும்வரை வகுப்பை வேறு அறையில் நடத்துங்கள்.